கை கால் அசைக்காத போட்டி

நான்கு வருஷங்களுக்கு முன்னால், மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எழும்பிக்கொண்டிருந்த சமயம். தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை. எண்ணூரில் ஒரு பெரிய கம்பெனியின் அதிகாரிகள் குடியிருப்புக்குள் இருந்த நீச்சல் குளத்தில், நாலைந்து பள்ளிக்கூடங்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு நீச்சல் போட்டி நடத்தின. எங்கள் மகளும் அதில் கலந்துகொண்டாள். பார்க்க நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம்.

இராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்த கேட்டைத் தாண்டியதும் வேறு தேசத்துக்குள் நுழைந்துவிட்டது போலத்தான் எனக்கு இருந்தது. வெட்டிவிட்ட புல்தரை, வெள்ளையடித்த கற்கள், பெரிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட வெள்ளைக்காரப் பெண்கள். ஆலை கட்டும் வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர்களின் குடும்பங்கள் அங்கேதான் குடியிருந்தன.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் செய்த தப்பு புரியாது. நான் இராயபுரத்துக் கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதன்முதலில் மிதித்தவள் நான்தான். மாதா கோயில் பக்கத்துப் பள்ளியில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். குப்பத்தில் யாருக்குத் தந்தி வந்தாலும், கோர்ட்டு நோட்டீஸ் வந்தாலும், ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தாலும் என் வீட்டுக்குத்தான் கொண்டுவருவார்கள். இங்கிலீஷ் கடிதத்தை நான் படித்து அர்த்தம் சொல்லும்போது நாலு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதில் எனக்கு நிறையப் பெருமை. இல்லை என்று சொன்னால் அது பொய்.

என் வீட்டுக்காரர் என் தாய்மாமன் மகன். கட்டுமரத்தில் போகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம். பெண்பிள்ளைகள் கடலில் இறங்க மாட்டார்கள். கட்டுமரம் கரையேறும்போது கூடையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீர்வரை போவோம், அவ்வளவுதான். கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த எனக்கு இன்றைக்கும் நீச்சல் தெரியாது. அப்படி இருக்க, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், என் மகளுக்கு மூச்சடக்கும் சக்தி நிறைய இருக்கிறது, நீச்சல் பழக்கலாமா என்று கேட்டார். வீட்டில் சொன்னால் என்ன ஆகுமோ என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர் வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “கத்துக்கினு போவட்டும். தண்ணிய கண்டு பயப்படாம இருந்தா சரி” என்றுவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் பள்ளி வேனில் ஏதோ ஒரு குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீச்சல் உடையை அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே என் புடவைக்கு அடியில் உலர்த்துவேன். அவர் கடலிலிருந்து திரும்பும் நேரமும் அவள் பழகும் நேரமும் ஒன்றாக இருந்ததால், மகள் நீந்துவதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பே இங்கிலீஷில் அச்சடித்த ஒரு நோட்டீஸ் வந்தது. என்னென்ன போட்டிகள், ஒவ்வொன்றுக்கும் என்ன விதி என்று எல்லாம் அதில் இருந்தது. நான் அதை நாலைந்து தடவை படித்தேன். மகள் கலந்துகொள்வது ஒரே ஒரு போட்டியில். குளத்தின் விளிம்பிலிருந்து தண்ணீருக்குள் பாய வேண்டும். பாய்ந்த பிறகு கையையோ காலையோ அசைக்கக் கூடாது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடியே, பாய்ந்த வேகத்தில் எவ்வளவு தூரம் மிதந்து போகிறார்களோ அதை நாடா வைத்து அளப்பார்கள். முகத்தைத் தூக்கினால் அந்த இடத்தோடு கணக்கு முடிந்தது. வேடிக்கையான போட்டிதான். மூச்சடக்கத் தெரிந்த என் மகளுக்கென்றே வைத்தது போல இருந்தது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு நான் படித்துச் சொன்னது இரண்டே இரண்டு வரி. ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும், பெற்றோர்கள் நல்ல உடையில் வர வேண்டும்.

அன்று அவர் கடலுக்குப் போகவில்லை. முதல் நாளே தலைக்கு எண்ணெய் வைத்து, வாசனை சோப்புப் போட்டுக் குளிக்கவைத்தேன். காலையில் டெரிலின் சட்டையும், இதற்கென்றே தைத்த பேன்ட்டும் போட்டுவிட்டேன். மீன் வாடை இருக்குமோ என்று கழுத்திலும் கையிலும் பவுடர் பூசினேன்.

“இன்னாமே, மாதா தேரு சோடிக்கிற மாரி என்னெ சோடிக்கிற?” என்று சிரித்தார்.

பஸ்ஸில் போகும்போது மெதுவாக ஆரம்பித்தேன். “அங்கே வந்து ‘இன்னா’, ‘கீது’ன்னு பேசாதீங்க.”

“அப்போ இன்னாத்த பேசறது?” என்றார்.

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் ‘நீ, வா, போ’ என்று பேசுகிற நான் அன்றைக்கு ‘நீங்க, வாங்க’ என்று பேசியது வேறு அவருக்கு வேடிக்கையாக இருந்தது. “யாரோ மூணாவது மன்ஷன் வூட்டுக்கு வந்த மாரி கூப்புடுற” என்றார். திருவொற்றியூர் தாண்டியும் சிரித்துக்கொண்டே வந்தார்.

கேட்டில் காவலாளி எங்களை நிறுத்தினான். அவன் பார்வை அவருடைய கால்மேல் இருந்தது. செருப்புப் போட்டுப் பழகாத கால், விரல்கள் அகன்று, பட்டைக்கு வெளியே நின்றன. நான் நோட்டீஸை எடுத்து நீட்டி இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் பேசினேன். காவலாளி சலாம் வைத்து வழிவிட்டான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் மனசு என்னவோ செய்கிறது. அவ்வளவு சந்தோஷம் அதில்.

குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு பக்கம் பந்தல் போட்டு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். மகள் எதிர்ப்பக்கம் பள்ளிப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்துகொண்டாள். எங்களுக்கு முன் வரிசையில் இடம் கிடைத்தது. எனக்கு அடுத்த நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். மடியில் ஒரு பெரிய துண்டு, காலில் வார் வைத்துக் கட்டிய சிவப்புச் செருப்பு. மற்ற வெள்ளைக்காரப் பெண்கள் கூட்டமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் யாரோடும் பேசவில்லை. நான் “குட் மார்னிங்” சொன்னேன். தலையை ஆட்டிப் புன்னகை செய்தாள். பதில் பேசவில்லை. கர்வக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

மார்பில் ரிப்பன் பூ குத்திய ஒரு கம்பெனிக்காரர் ஒலிபெருக்கியில் இங்கிலீஷில் ஒவ்வொரு போட்டியாக அறிவித்தார். என் வீட்டுக்காரருக்கு எல்லாமே அதிசயம். கேள்விமேல் கேள்வி.

“தண்ணிக்குள்ள இன்னாத்துக்குமே கயிறு?”

“ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாதை.”

“அந்த ஆளு கைல துப்பாக்கி கீது பாத்தியா? குருவி சுடவா?”

“ஆரம்பிக்கச் சொல்றதுக்கு.”

பெரிய பையன்கள் தண்ணீரை அடித்துக்கொண்டு போனதைப் பார்த்து, “இப்படி அட்ச்சிக்கினு போனா இருக்கற மீனெல்லாம் ஆந்திராவுக்குப் பூடும்” என்றார். மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. காற்றில் கத்திக் கத்திப் பேசிப் பழகிய தொண்டை அது. பின் வரிசையில் பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லி, இருவரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

நான் அவர் பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். “கொஞ்ச நேரம் எதையும் கேட்காம சும்மா இருங்க. நாலு பேர் பார்க்கிறாங்க.”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. “சரிமே” என்றார். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்காரும் பிள்ளை மாதிரி நேராக உட்கார்ந்துகொண்டார்.

அடுத்ததாக மகளுடைய போட்டியை அறிவித்தார்கள். இதில் எல்லோரும் ஒன்றாகப் பாய மாட்டார்கள், ஒவ்வொருவராகத்தான். சீட்டுக் குலுக்கியதில் முதல் பெயர் என் மகளுடையது. யாரும் கை தட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது, பிள்ளைகளின் கவனம் சிதறும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எல்லாம் இங்கிலீஷில். மகள் விளிம்பில் வந்து நின்றதும் அவர் என் பக்கம் திரும்பினார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார். நான் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூடிக்கொண்டார். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, மகளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

அவள் பாய்ந்தாள். சத்தமே இல்லாமல் ஊசி மாதிரி உள்ளே போனாள். பிறகு மேலே வந்தாள். முகம் கீழே, முதுகு மேலே, கைகள் முன்னால் நீட்டியபடி. ஒரு விரல்கூட அசையவில்லை. பின்னல் மட்டும் தண்ணீரில் விரிந்து கிடந்தது. குளத்தோரத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். இன்னொருவர் நாடாவோடு நடந்தார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் அசையாமல், பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிக் குளத்தைத் தாண்டிவிட்டாள்! இன்னும் போகிறாள்! முதல் பரிசு நிச்சயம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

பக்கத்தில் நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. அவர் எழுந்திருந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். பித்தான் ஒன்று என் கையோடு வந்தது. கயிற்றைத் தாண்டி, பேன்ட்டோடும் சட்டையோடும் அவர் குளத்தில் குதித்தார்.

இரண்டே வீச்சில் அவளை எட்டிவிட்டார். முகத்தைத் திருப்பி, தாடையைத் தூக்கி, தன் தோள்மேல் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தார். அவள் உதறினாள், திமிறினாள், இருமினாள். “நைனா! வுடு நைனா!” என்று கத்தினாள். பள்ளிக்கூடத்தில் ‘அப்பா’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொல்லிவைத்திருந்தேன். அந்த நேரத்தில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

முதலில் எல்லோரும் திகைத்தார்கள். பிறகு யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் பந்தல் முழுக்கச் சிரிப்பு. விளையாட்டு டீச்சர் ஓடிவந்து மகளைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். ரிப்பன் பூக்காரர் கோபமாக வந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்து, இந்த ஆள் யார், இவனை யார் உள்ளே விட்டது என்று கத்தினார். காவலாளியைக் கூப்பிட ஆள் போயிற்று.

“குப்பத்து ஆளு போல. சுவர் ஏறிக் குதிச்சு வந்திருப்பான்” என்று என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

நான் எழுந்து நின்று, அவர் என் கணவர், அந்தப் பெண்ணின் தகப்பனார் என்று சொல்லியிருக்க வேண்டும். அதை இங்கிலீஷிலும் சொல்லத் தெரியும், தமிழிலும் சொல்லத் தெரியும். நான் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து, எதையோ தேடுகிறவள் போலத் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே அந்த நோட்டீஸ்தான் இருந்தது.

அவர் என்ன சொல்கிறார் என்று மட்டும் காது கேட்டுக்கொண்டிருந்தது.

“மன்னிச்சிக்கோ சார். பொண்ணு முயுவுதுன்னு நெனச்சிட்டேன்.”

“நீ யாருய்யா? யார்கூட வந்தே?”

நிமிர்ந்து பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த பக்கம் அவர் கண் வரவே இல்லை. வரக்கூடாது என்று பிடிவாதமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யார்கூடவும் வரல சார். நான் தனியாத்தான் வந்தேன். தெரியாம பூந்துட்டேன்.”

எதிர்ப்பக்கம் டீச்சரின் துண்டுக்குள் என் மகள் அழுகையை நிறுத்திவிட்டாள். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அப்போது என் பக்கத்து நாற்காலிக்காரி எழுந்து போவதைக் கண்டேன். நொண்டுகிற மாதிரி போனாள். ஒரு காலில் சிவப்புச் செருப்பு, மறு கால் வெறுங்கால். கழற்றிய செருப்பு கையில் இருந்தது. அவள் நேராக என் வீட்டுக்காரரிடம் போய், தன் மடியில் வைத்திருந்த துண்டை அவர் தோளில் போட்டாள். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு ரிப்பன் பூக்காரரிடம் திரும்பி, உடைந்த இங்கிலீஷில், திக்கித் திக்கிச் சொன்னாள். “நானும். குழந்தை செத்துப்போச்சு, நானும் நினைச்சேன். நானும் குதிக்கணும். இந்தச் செருப்பு...” என்று கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினாள். வார் அவிழவில்லை, அதற்குள் இவர் குதித்துவிட்டார் என்பதைச் சொல்ல வார்த்தை தெரியாமல், கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஒலிபெருக்கியில் சொன்னது ஒன்றும் அவளுக்குப் புரிந்திருக்கவில்லை. அந்தப் பந்தலில் இருந்த அத்தனை பேரில், என் பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் எழுந்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்த நான் உட்கார்ந்திருக்கிறேன்.

எப்படி எழுந்தேன், எப்படி நடந்தேன் என்று தெரியாது. அவர் பக்கத்தில் போய் நின்று, ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, முதலில் இங்கிலீஷில் சொன்னேன். பிறகு பின் வரிசைக்கும் கேட்கட்டும் என்று தமிழில் உரக்கச் சொன்னேன். “இவர் என் கணவர். அந்தப் பெண்ணின் அப்பா. போட்டி என்னவென்று நான் அவருக்குச் சொல்லவில்லை. தப்பு என்னுடையது.”

யாரும் சிரிக்கவில்லை. ரிப்பன் பூக்காரர் ஓடிவந்த காவலாளியைத் திருப்பி அனுப்பினார்.

மகள் ஓடிவந்தாள். வந்த வேகத்தில் அவர் வயிற்றில் இரண்டு குத்துக் குத்தினாள். “ஏன் நைனா புட்ச்சே? நான் ஜெயிச்சிக்கினு இருந்தேன்!”

“நீ மூச்சே வுடலியேம்மா...”

“அடக்கிக்கினு இருந்தேன். அதான் நைனா போட்டியே!”

“அதான் போட்டியா?” என்று என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, குறை இல்லை. “எனக்கு தெரியாதேமே. கடல்ல ஒருத்தன் வியுந்தா மூஞ்சி மேல கீதா, கீய கீதான்னுதான் பாப்போம். கீய இருந்தா கூவிக்கினு நிக்க மாட்டோம். குதிச்சிடுவோம்.”

புயல் நாளில்கூட இந்த மனிதர் பயந்து நான் பார்த்ததில்லை. அன்று அவர் முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. மகள் அதைக் கவனித்துவிட்டாள். குத்தின கையாலேயே அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “எனக்கு நீச்சல் தெரியும் நைனா. நெஜமா தெரியும்” என்றாள்.

தொட்டுத் தூக்கிவிட்டால் அந்தப் பாய்ச்சல் செல்லாது என்பது விதி. விளையாட்டு டீச்சர் போய் வாதாடினார். நாடா பிடித்த பெரியவர், வெளியாள் குறுக்கிட்டது குழந்தையின் தப்பில்லை, கடைசியில் இன்னொரு தடவை பாயட்டும் என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் திரும்பிப் போய் உட்கார்ந்தோம். முன்னைப் போலவே நான் நடுவில். இடப்பக்கம் துண்டைப் போர்த்திக்கொண்டு அவர், வலப்பக்கம் அந்தப் பெண். ஒவ்வொரு அறிவிப்புக்கும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அவருக்குத் தமிழிலும், அவளுக்குச் சின்னச் சின்ன இங்கிலீஷ் வார்த்தையிலும் கையாலும் சொன்னேன். அவள் போலந்துக்காரி. வந்து எட்டு மாதம் ஆகிறது. கணவர் ஆலை வேலையில். மகன் அங்கே ஒரு இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிறான். ஒவ்வொரு போட்டிக்கும் தவறாமல் வருவாளாம். என்ன சொல்கிறார்கள் என்று தெரியாதாம். மற்றவர்கள் கை தட்டும்போது தானும் தட்டுவாளாம். ஒரு தடவை தன் மகன் தோற்றதற்கே தட்டிவிட்டதால், அவன் இரண்டு நாள் பேசவில்லையாம். இதையெல்லாம் நான் தமிழில் சொன்னதும் என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்து, “பாவம்மே, நம்ம மாரிதான்” என்றார். பிறகு தணிந்த குரலில், “சிலுவ போட்டாங்க பாத்தியா? நம்ம கோயிலுதான்” என்றார்.

அவளுடைய மகன் நீந்தும்போது எப்போது தட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். மூன்று பேரும் சேர்ந்து தட்டினோம். அவர் விசில் அடித்தார். நான் தடுக்கவில்லை.

கடைசியில் மகள் மறுபடி விளிம்புக்கு வந்தாள். நான் அவர் காதில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இப்போ பாய்வாள், முகம் கீழேதான் இருக்கும், அசைய மாட்டாள், கடிகாரம் பார்ப்பவர் பக்கத்திலேயே போவார், பயப்படாதே. ‘நீங்க’ எல்லாம் போய் ‘நீ’ வந்துவிட்டது. அவர் நாற்காலியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வலப்பக்கம் அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பாய்ந்தாள். முன்னைப் போலவே அழகாக மிதந்து வந்தாள். ஆனால் பாதிக் குளம்கூட வரவில்லை, திடீரென்று முகத்தைத் தூக்கிவிட்டாள். தூக்கியவள் எங்கள் பந்தலைத் தேடினாள். அவரைக் கண்டதும் தண்ணீருக்குள்ளிருந்து கையை உயர்த்தி ஆட்டினாள்.

நான்காவது இடம் வந்தது. பரிசு மூன்று பேருக்குத்தான்.

திரும்பும் பஸ்ஸில் அவர் அந்தத் துண்டை மடித்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். திருப்பிக் கொடுக்கப் போனபோது அவள் வாங்க மறுத்துவிட்டாள். மகள் அவர் மடியில் சாய்ந்திருந்தாள்.

“ஏம்மா தலைய தூக்கினே? இன்னும் போயிருப்பியே.”

“நீ பயந்துகினு இருப்பியேன்னுதான்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திருவொற்றியூர் வந்து, போய், காசிமேடு வரும்வரைக்கும் திரும்பவில்லை. மகள் தூங்கிப்போனாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் அவரிடம் கேட்டேன். “ஏன் தனியா வந்தேன்னு சொன்னே?”

ஈரப் பேன்ட்டைக் கழற்றிவிட்டு லுங்கிக்கு மாறிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் கேட்பார்களா என்பது போலப் பார்த்தார். “நான் கட்டுமரத்துல போற ஆளு. அவன் நாலு வார்த்த திட்டினா கேட்டுக்கினு வந்துடுவேன். நீ அப்புடியா? நாளைக்கும் அங்க போவணும், டீச்சராண்ட நின்னு பேசணும். உன் பேர நான் கெடுக்கலாமா?” என்றார். வலையில் கிழிந்த இடத்தை எப்படி முடிய வேண்டும் என்று சொல்வது போல, சாதாரணமாகச் சொன்னார். பிறகு பசிக்கிறது என்றார்.

நான் அடுப்படிக்குப் போய் வெகுநேரம் அழுதேன்.

அந்த வருஷம் இன்னும் இரண்டு போட்டிகள் நடந்தன. இரண்டுக்கும் போனோம். அவர் பேன்ட் போடாமல் வேட்டியில் வந்தார், அவ்வளவுதான். நாங்கள் மூவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவோம். அடுத்த வருஷம் ஆலை வேலை முடிந்து அந்தப் பெண் குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டாள். மகள் இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். பரிசுகளும் வாங்கிவிட்டாள். எந்தப் பள்ளிக்கூடக் காகிதம் வந்தாலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நான் படித்து அர்த்தம் சொல்கிறேன். அவர் குறுக்கே குறுக்கே கேட்கிறார். சில கேள்விக்கு எனக்கே பதில் தெரிவதில்லை.

அன்று நான் தலையைக் குனிந்துகொண்டதற்கு என்னை மன்னித்துவிட்டாயா என்று அவரிடம் இதுவரை கேட்டதில்லை. கேட்டாலும் அவருக்குப் புரியாது. அவரைப் பொறுத்தவரை அங்கே மன்னிக்கும்படி எதுவும் நடக்கவே இல்லை. அதனால்தான் அந்த ஒரு நிமிஷத்தை அவருக்கும் சேர்த்து நானே சுமந்துகொண்டிருக்கிறேன்.